டெல்டா மேடைக்கு ரிவெர்ப் பெடல் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரிவெர்ப் பெடல் என்பது கிட்டார் ஒலிக்கு ஒரு கூடத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் காலடிக் கருவி. அதை வாங்க நினைப்பவர் முதலில் செய்வது காணொளி பார்ப்பது. அந்தக் காணொளிகள் பெரும்பாலும் நாலு சுவரிலும் நுரைப்பஞ்சு ஒட்டிய சின்ன அறையில், ஹெட்போனில் கேட்பவருக்காகப் பதிவானவை. அங்கே எந்தப் பெடலும் அற்புதமாகத்தான் ஒலிக்கும். நாம் வாசிக்கப் போவது மன்னார்குடியில் தரை முதல் இடுப்பு உயரம் வரை டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபத்தில், வேளாங்கண்ணிப் பக்கம் உயரக் கூரை போட்ட தேவாலயத்தில், திருத்துறைப்பூண்டி போகும் வழியில் அறுவடை முடிந்த வயலில் போட்ட பந்தலில். இந்த மூன்றுக்கும் ஒரே ரிவெர்ப் ஒத்துவராது. ஆகவே முதலில் இடம், அடுத்து ஆம்ப் (கிட்டாரை ஒலிக்க வைக்கும் பெட்டி), அதற்கப்புறம்தான் பெடல். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பணம் போகும், ஒலியும் குழம்பும்.

முதல் படி: வாசிக்கும் இடத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒலி நின்ற பிறகு அதன் மிச்சம் 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுதான் அந்த அறையின் ரிவெர்ப் நேரம். இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று அதைச் சரிசெய்யும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஆரம்பித்த வேலை இது. அவர் சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்வோம். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கன அளவு 2,700 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 1,440 சதுர மீட்டர். சிமெண்டும் டைல்ஸும் ஒலியைக் குடிப்பதே இல்லை. தாராளமாகவே நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்தாலும் உறிஞ்சும் பரப்பு 72 சதுர மீட்டர்தான். வகுத்தால் ரிவெர்ப் நேரம் 6 விநாடி. மத்தியானம் சவுண்ட் செக் பண்ணும்போது காலி மண்டபத்தில் நீங்கள் கேட்பது இந்த 6 விநாடியை.

சாயங்காலம் 400 பேர் வந்து உட்காருகிறார்கள். ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுகிறார்கள் என்று வைத்தால் 180 சதுர மீட்டர் கூடுகிறது. மொத்தம் 252. இப்போது ரிவெர்ப் நேரம் 1.7 விநாடி. ஒரே மண்டபம், நாலு மணி நேர இடைவெளி, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! இதனால்தான் மத்தியானம் செட் பண்ணிய பெடலை அப்படியே விட்டு ராத்திரி வாசிக்கக் கூடாது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மனிதரும் அவர் கட்டியிருக்கும் வேட்டி, புடவையும் உறிஞ்சுவது பெரும்பாலும் உச்ச ஸ்தாயி ஒலிகளை. தாழ்ந்த ஸ்தாயி ஒலிகள் அவ்வளவாகக் குறைவதில்லை. கூட்டம் நிறைந்த மண்டபத்தில் மிஞ்சுவது ‘கும்’ என்ற அடிநாதம். அதன் மேல் பெடலும் அடிநாதத்தைச் சேர்த்துவிட்டால் பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் ஒரே சேற்றில் மாட்டிக்கொள்ளும். ஆகவே மண்டபக் கச்சேரிக்காரர் தேட வேண்டியது ரிவெர்பின் அடிப்பகுதியை வெட்டும் வசதி உள்ள பெடல். டோன் என்றோ லோ கட் என்றோ அதற்குப் பெயர் இருக்கும். ஆனால் சில பெடல்களில் டோன் குமிழ் உச்சத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும், அடியைத் தொடாது. கடையில் கேட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

பந்தல் கதையே வேறு. கீற்றும் துணியும் ஒலியைத் திருப்பி அனுப்பாது; பக்கவாட்டில் அடைப்பும் கிடையாது; வாசித்தது வயலோடு போய்விடும். அங்கே கிட்டார் எலும்பும் தோலுமாகக் கேட்கும். பெடல் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். ஆனால் கோயில் திருவிழாவில் தெரு நெடுக கூம்புக் குழாய் கட்டியிருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் ஒலி உங்கள் காதுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி தாமதமாக வரும். அந்த எதிரொலியே போதுமானதாக இருக்கிறது. பெரிய கூடம் போல் நீண்டு முழங்கும் ஹால் ரிவெர்பை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கு என் யோசனை: பெடல் வாங்கும் காசை ஒரு நல்ல கேபிளுக்கும் ஒரு ஸ்டாண்டுக்கும் செலவழியுங்கள். கட்டடமே தேவைக்கு மேல் கொடுக்கிறது.

இரண்டாம் படி: ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள்

முன்பக்கத்தில் ரிவெர்ப் என்று குமிழ் இருக்கிறதா? பெண்டர் பிரண்ட்மேன் 10ஜி ஆம்பில் இல்லை, 15ஆர்-இல் இருக்கிறது. பாஸ் கட்டானாவில் இருக்கிறது. ஸ்டுடியோக்களிலும் பெரிய மேடைகளிலும் வாடகைக்கு வரும் ரோலண்ட் ஜேசி-120-இல், அதிர்ந்து முழக்கம் தரும் நிஜ ஸ்பிரிங்கே உள்ளே தொங்குகிறது. இருக்கிறது என்றால் அதைக் கொண்டு நாலைந்து கச்சேரி வாசித்துப் பாருங்கள். எது போதவில்லை என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் பெடல் பக்கம் போகலாம். ‘நீளம் குறைக்க முடியவில்லை’, ‘காலால் அணைக்க வழியில்லை’ என்பதெல்லாம் சரியான காரணங்கள். ‘சும்மா இன்னொன்று இருக்கட்டும்’ என்பதும் காரணம்தான், ஆனால் அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

ஸ்பிரிங் உள்ள ஆம்புக்கு நம் மேடையில் ஒரு பிரச்சினை உண்டு. பலகை அடுக்கிய மேடையில் டிரம்ஸோ தவிலோ முழங்கும்போது அந்த அதிர்வு ஆம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைக் குலுக்கும். யாரோ தகர டப்பாவை உதைத்த மாதிரி ஒரு சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஆம்பை மடித்த ஜமுக்காளத்தின் மேல் வைக்கலாம். தீரவில்லை என்றால் ஆம்பின் ரிவெர்பைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு டிஜிட்டல் பெடலை நம்புவதுதான் வழி. அசல் ஸ்பிரிங்தான் உசத்தி என்ற வாதம் ஆடும் பலகையில் எடுபடாது.

அப்புறம் பின்பக்கம். சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால் உங்கள் ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறது, அதாவது ஆம்பின் உள்வழியின் நடுவே பெடலை இணைக்கும் வசதி. டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை அரைத்துக் கரகரப்பாக்கும் விளைவை, ஆம்பிலிருந்தே எடுப்பவருக்கு இது முக்கியம். ரிவெர்பை முன்னால் மாட்டினால், அதன் வால் (மெல்லக் கரையும் மிச்ச ஒலி) முழுவதும் ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குள் போய் அரைபட்டு, ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் ஒரு இரைச்சல் வீங்கி வரும். லூப்பில் மாட்டினால் அரைபட்ட ஒலிக்குப் பின்னால் ரிவெர்ப் சுத்தமாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வருகிறது, ஆம்ப் கிளீனாக நிற்கிறது என்றால் லூப் தேவையே இல்லை. பெடல் வரிசையின் கடைசியில் ரிவெர்பை வையுங்கள், எதிரொலி தரும் டிலே பெடல் இருந்தால் அதற்கும் பின்னால். லூப்பைப் பயன்படுத்துவதென்றால் ஆம்புக்கும் பெடல் பலகைக்கும் நடுவே இன்னும் இரண்டு நீளக் கேபிள் ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

லூப்பில் இரண்டு வகை உண்டு. தொடர் லூப்பில் முழு ஒலியும் பெடல் வழியாகப் போய் வரும். இணை லூப்பில் அசல் ஒலி ஆம்பிலேயே நிற்க, பெடலிலிருந்து வருவது அதோடு சேர்க்கப்படும். இணை லூப் என்றால் பெடலில் அசல் ஒலியை அறவே அணைக்கும் வசதி வேண்டும். கில் டிரை என்பார்கள். டிசி எலெக்ட்ரானிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற ரிவெர்ப் பெடலில் பின் மூடியைக் கழற்றினால் அதற்குச் சின்ன சுவிட்ச் இருக்கிறது. அணைக்காவிட்டால் இரண்டு அசல் ஒலிகள் ஒன்றோடொன்று மோதி கிட்டார் சன்னமாகிவிடும். சில ஆம்புகளின் லூப், பெடல் தாங்குவதைவிடப் பலமான சிக்னலை அனுப்பும். பெடல் கரகரத்தால் சென்ட் அளவைக் குறையுங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை ரிவெர்ப்?

ஹேமண்ட் ஆர்கனை வீட்டில் வாங்கி வைத்தவர்களுக்கு ஒரு குறை இருந்தது: சர்ச்சில் கேட்கும் முழக்கம் வரவேற்பறையில் வரவில்லை. அதற்காகப் பெட்டிக்குள் புகுந்ததுதான் ஸ்பிரிங் ரிவெர்ப். 1961-இல் பெண்டர் அதைத் தனிப் பெட்டியாக கிட்டாருக்குக் கொண்டுவந்தது. 1963-இல் ஆம்புக்குள்ளேயே வைத்துவிட்டது. சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும் அந்த ஒலி, பழைய பாட்டுகளின் கிட்டார் இடையிசைக்கு நன்றாகப் பொருந்தும். மெல்லிசைக் கச்சேரிக்காரருக்கு நல்ல ஸ்பிரிங் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பிளேட் என்பது 1957-இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் செய்த 140 என்ற கருவியின் வாரிசு. ஒரு பெரிய எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டு அதிர வைப்பார்கள். மொத்த எடை கால் டன்னுக்கு மேல். பெடலில் வருவது அதன் கணினிப் பிரதி. அறை என்ற உணர்வே தராமல் ஸ்வரத்தை மட்டும் பளபளவென்று நீட்டும். ஏற்கெனவே முழங்கும் மண்டபத்தில் ஹாலைவிட இதுவே பொருந்தும், ஏனென்றால் அது இன்னொரு கட்டடத்தைக் கொண்டுவந்து இந்தக் கட்டடத்துக்குள் வைப்பதில்லை.

ரூம் வகையைக் கடையில் கேட்டால் சப்பென்று இருக்கும். பந்தலில் அதுதான் சோறு போடும். கிட்டாருக்குச் சதை வைக்கும், வால் நீளாது. ஹால் நிதானமான பாட்டுகளுக்கு, திறந்த வெளிக்கு. ஷிம்மர் என்று ஒன்று உண்டு: ரிவெர்பின் வாலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி ஆர்கன் மாதிரி ஒலிக்க வைக்கும். ஆராதனைப் பாடல்களுக்கு வாசிப்பவர்கள் விரும்புகிறார்கள். கீபோர்டுகாரர் பக்கத்திலேயே ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற ஒலி) பிடித்துக்கொண்டிருக்கும்போது அது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான்காம் படி: குமிழ்களை எடை போடுங்கள்

மிக்ஸ் அல்லது லெவல், எவ்வளவு ரிவெர்ப் என்பதைச் சொல்லும். டிகே அல்லது டைம், எவ்வளவு நேரம் என்பதை. இரண்டும் பெரும்பாலான பெடல்களில் உண்டு. பார்க்க வேண்டியது அவற்றின் கீழ்க்கோடி. மிக்ஸைப் பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பும்போது ரிவெர்ப் படிப்படியாக வருகிறதா, சட்டென்று குதிக்கிறதா? டிகேயை முழுக்கக் குறைத்தால் ஒரு விநாடிக்கும் கீழே இறங்குகிறதா? விளம்பரம் எல்லாம் 20 விநாடி, முடிவில்லாத வால் என்று மேல்கோடியைத்தான் பாடும். மண்டபத்தில் நாம் குடியிருக்கப் போவது கீழ்க்கோடியில்.

மூன்றாவது, பிரீ-டிலே. நீங்கள் தந்தியைத் தட்டியதற்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. 20 மில்லி விநாடி என்பது ஒலி ஏழு மீட்டர் போகும் நேரம். இந்தச் சின்ன இடைவெளி இருந்தால் தட்டிய தட்டு தெளிவாகக் கேட்டு, அதன் பின்னால் ரிவெர்ப் வரும். வேகமான இடையிசையில் இது பெரிய உதவி. பல சின்னப் பெடல்களில் இதற்குத் தனிக் குமிழ் கிடையாது. பாஸ் ஆர்வி-6-இல் இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் 2 போன்றவற்றில் கைபேசிச் செயலி வழியாக உள் அமைப்புகளை மாற்றி ஏற்றலாம்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவையாற்றையும் தஞ்சாவூரையும் சுற்றியுள்ள ஊர்களில் இதைக் கேட்க ஆள் இருக்கும். ஆர். பிரசன்னா போன்றவர்கள் கிட்டாரில் முழுக் கச்சேரியே செய்து காட்டிவிட்டார்கள். கமகத்தில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். ரிவெர்ப் என்பதோ முன்பு ஒலித்ததை இப்போது ஒலிப்பதன் மேல் பூசுவது. வால் நீண்டால் அசைவின் மேல்நுனியும் கீழ்நுனியும் ஒன்றாக ஒலித்து, அசைவு இருந்த இடத்தில் மங்கல் மட்டும் மிஞ்சும். ஆகவே டிகே ஒரு விநாடிக்குள், மிக்ஸ் பத்துக்கு இரண்டு, பிரீ-டிலே 20 முதல் 40 மில்லி விநாடி என்று தொடங்குங்கள். மாடுலேஷன் என்ற குமிழ் இருந்தால் பூஜ்யம். ரிவெர்பே தானாகச் சுருதி அசைத்தால் தம்புராவோடு ஒட்டாது. அந்தக் குமிழை அணைக்க முடியாத பெடல் என்றால் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று, டிரெயில்ஸ். பெடலைக் காலால் அணைக்கும்போது மிச்ச வால் இயல்பாகக் கரைகிறதா, கத்தி வைத்தாற்போல் அறுபடுகிறதா என்பது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே மாற்றுபவருக்கு முதல் வகை வேண்டும்.

ஸ்டீரியோ வெளியீட்டுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். ஆம்ப் ஒன்று. சவுண்ட் சர்வீஸ்காரர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலியைத்தான் அனுப்புவார். வீட்டில் பதிவு செய்பவர் என்றால் விதிவிலக்கு.

ஐந்தாம் படி: கரண்ட்

டிஜிட்டல் ரிவெர்ப் பெடல் மற்ற பெடல்களைவிட அதிகம் குடிக்கும். ஆர்வி-6, ஹால் ஆஃப் ஃபேம் 2 போன்றவற்றுக்கு 9 வோல்ட் டிசியில் 100 மில்லி ஆம்பியர் என்று ஒதுக்கி வையுங்கள். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை என்ற ரிவெர்ப் பெடலுக்கு 300 வேண்டும். சாதாரண ஓவர்டிரைவ் பெடலுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பேட்டரி போட்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கச்சேரி தாங்கினாலே பெரிது, பல பெடல்களில் பேட்டரிக்கு இடமே கிடையாது.

அடாப்டரில் மூன்று விஷயம்: வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், மில்லி ஆம்பியர் பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது, பிளக்கின் நடுமுனை பெரும்பாலான பெடல்களுக்கு மைனஸ். கைக்குக் கிடைத்த ரவுட்டர் அடாப்டரைச் செருகினால் நடுமுனை பிளஸாக இருந்து பெடலைக் கெடுத்துவிடலாம்.

ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக எல்லாப் பெடலுக்கும் கொடுத்தால், டிஜிட்டல் பெடலின் கீச்சொலி டிஸ்டார்ஷன் வழியாகப் பெரிதாகிக் கேட்கும். தனித்தனியாகப் பிரித்த வெளியீடுகள் உள்ள பவர் சப்ளைதான் தீர்வு. ரிவெர்புக்கு மேலும் மேலும் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது நல்லது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடும். சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் ஒரே லைனில் இருக்கும். ஒரு கணம் வோல்டேஜ் இறங்கினால் டிஜிட்டல் பெடல் அணைந்து மறுபடி எழும். எழுந்த பிறகு முன்பிருந்த நிலைக்கு வருமா, அணைந்த நிலையில் நிற்குமா என்பது பெடலுக்குப் பெடல் வேறுபடும். கடையில் பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கடையில் என்ன செய்வது

உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் ஆம்பையும், முடியாவிட்டால் அதே வகை ஆம்பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். திருச்சியிலோ சென்னையிலோ கடைக்காரர் முதலில் ஷிம்மரைத்தான் போட்டுக் காட்டுவார். நன்றி சொல்லிவிட்டு ரூமுக்குத் திருப்புங்கள்.

முதலில் பெடலை அணைத்து வைத்து, அது இருக்கும்போதும் கேபிள் நேராகப் போகும்போதும் கிட்டார் ஒலி மாறுகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒற்றை ஸ்வரத்தை அழுத்தமாகத் தட்டி, வால் கரையும் விதத்தைக் கவனியுங்கள். மட்டமான பெடலில் முடிவில் ‘டிர்ர்ர்’ என்று உலோக நடுக்கம் இருக்கும். தனி எதிரொலிகளாகச் சிதறும். அப்புறம் வேகமாக ஸ்டிரம் செய்து ஒவ்வொரு வீச்சும் தனித்துக் கேட்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நீங்கள் மேடையில் நிஜமாக வாசிக்கும் ஒரு இடையிசையை மேடை வேகத்திலேயே வாசியுங்கள்.

எதை வாங்கலாம்? ஒரு குமிழ் போதும் என்பவருக்கு எலெக்ட்ரோ-ஹார்மானிக்ஸ் ஹோலி கிரெயில் நானோ. ஸ்பிரிங், ஹால், ஃப்ளெர்ப் (அலையாடும் ரிவெர்ப்) என்று மூன்றே நிலை. மேடை இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. எட்டு வகை வேண்டும், உதைத்தாலும் உடையக் கூடாது என்றால் பாஸ் ஆர்வி-6. காலடி அளவிலான டிஜிட்டல் ரிவெர்பை 1987-இல் ஆர்வி-2 மூலம் தொடங்கி வைத்த வரிசை அது. உள்ளே கை வைத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள விரும்புபவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் 2. பிக்ஸ்கை பன்னிரண்டு வகையும் ஏராளமான நினைவகமும் கொண்ட அருமையான கருவிதான். பதிவுக் கூடம் வைத்திருப்பவர் வாங்கட்டும். முதல் பெடல் வாங்குபவருக்கு பெஹ்ரிங்கர் டிஆர்600 போதும். பிளாஸ்டிக் உடம்பு, பார்த்து மிதிக்க வேண்டும், அவ்வளவே.

பழைய பெடல் என்றால் நாகப்பட்டினம், காரைக்கால் கரையோர ஊர்களிலிருந்து வருவதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். உப்புக் காற்றில் ஜாக்கின் உள்வளையமும் சுவிட்சும் கறுத்துப் போயிருக்கும். எல்லாக் குமிழையும் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா, பிளக்கை அசைத்தால் ஒலி அறுபடுகிறதா என்று சோதியுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் தீரும் கோளாறு என்றால் விலையில் குறைக்கச் சொல்லலாம். ஒரிஜினல் அடாப்டர் இல்லாத பெடலை யாரோ தவறான அடாப்டரில் ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் ஓட விட்டுக் காசு கொடுங்கள்.

ஏழாம் படி: மேடையில்

வாங்கியாயிற்று. முதல் வேலை மிக்சர்காரரிடம் போய், “அண்ணே, கிட்டார் சேனலுக்கு எஃபெக்ட் போடாதீங்க, டிரையா விடுங்க, நான் இங்கேயே வச்சிருக்கேன்” என்று சொல்வது. பாடகருக்காக அவர் மிக்சரில் எக்கோவை ஏற்றி வைத்திருப்பார். பழக்கத்தில் எல்லாச் சேனலுக்கும் கொஞ்சம் போயிருக்கும். உங்கள் ரிவெர்ப், அவர் ரிவெர்ப், மண்டபத்தின் ரிவெர்ப் மூன்றும் சேர்ந்தால் எந்தப் பெடலாலும் காப்பாற்ற முடியாது.

சவுண்ட் செக்கில் பெடலை அணைத்து வாசித்து, பாதி மண்டபத்துக்கு நடந்து போய் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மேடையில் ஆம்பின் முன்னால் நிற்பவருக்கு ரிவெர்ப் எப்போதும் குறைவாகவே தெரியும், தூரத்தில் இருப்பவருக்கு அறையும் சேர்ந்து கூடுதலாகத் தெரியும். பிறகு பெடலைப் போட்டு, பின் வரிசையில் சரியாகக் கேட்கும் இடத்தில் மிக்ஸை நிறுத்தி, குமிழுக்குப் பக்கத்தில் துண்டு டேப்பில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த பிறகு முதல் பாட்டில் அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் ஏற்றலாம். ஏற்றும்போது மிக்ஸை ஏற்றுங்கள், டிகேயைத் தொடாதீர்கள்.

கச்சேரி முடிந்ததும் பெடலை ஈரத் துணியோடு சேர்த்துப் பையில் திணிக்காமல், வியர்வை துடைத்து, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.